ஊற்றுக்கண் நத்தைக்காக நான் பேசியது

மேடை எனக்கு அச்சம் தந்ததில்லை. திருச்சிக் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் சொற்போர்களில் என் பெயரை வாசித்ததும் எதிரணியினர் குறிப்புகளைத் திருத்தத் தொடங்குவார்கள். எனவே எழுபதுகளின் இறுதியில், விலங்கியல் படித்த விடுதித் தோழி ஒரு நத்தைக்காகப் பேச அழைத்தபோது தயங்காமல் சம்மதித்தேன்.

மிளகளவே இருக்கும் நத்தை அது. நகருக்குத் தெற்கே, கள்ளியும் வேலமரமும் மட்டுமே தழைக்கும் வறண்ட ஊரொன்றில், கோடையிலும் வற்றாத பாறையடி ஊற்று இருந்தது. அந்த ஊற்றுக்கண்ணின் கற்களில் மட்டும் அது ஒட்டி வாழ்ந்தது. சுற்றியுள்ள குளங்களில் தேடியும் தோழிக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. துணி துவைக்க வரும் பெண்கள் பாசியில் வழுக்கி விழுகிறார்கள் என்று, அந்த ஊற்றை முழுக்கச் சிமெண்ட் பூசித் தொட்டியாக்கப் பஞ்சாயத்து எண்ணியிருந்தது. பூசினால் நத்தைக்கு வேறு புகலிடமில்லை.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கூட்டம். எங்கள் பயிற்சியில் ஒரு முறை உண்டு: எதிரணியின் வாதத்தை அவர்களைவிட அழகாக முதலில் எடுத்துரைக்க வேண்டும், பிறகே உடைக்க வேண்டும். நானும் அவ்வாறே தொடங்கினேன். பாசியில் வழுக்கும் கால்களை, சிதறும் துணி மூட்டையை, குழந்தையை இடுப்பில் சுமந்தபடி நடுங்கும் தாயை வரிசையாகக் கண்முன் நிறுத்தினேன். பெண்கள் பலமாகக் கைதட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அப்புறம் என்ன? காலேஜ் பொண்ணே சொல்லிடுச்சு. நாளைக்கே பூசிடலாம்."

தோழி என் முந்தானையை இழுத்தாள். "நீ யாரு பக்கம்டி பேசுற?"

"உக்காருங்கய்யா, பாதிதான் பேசியிருக்கேன்."

"மீதியையும் எங்க பக்கமே பேசிடும்மா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, முழங்காலில் கட்டுப் போட்டிருந்த பெண்ணைப் பார்த்துக் கேட்டேன்: "அக்கா, நீங்க எங்க விழுந்தீங்க?"

"துவைக்கிற கல்லுகிட்ட. கீழ, தண்ணி வெளிய ஓடுதுல்ல, அங்க."

"ஊத்துக்கண்ணுகிட்ட இல்லையா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! குடிக்கத் தண்ணி மொள்ற எடத்துல அழுக்குத் துணிய எடுத்துட்டு யாரு போவா?"

"அப்ப சிமெண்ட் எங்க வேணும்?"

"கீழ போட்டாப் போதும்," என்றாள் அவள், தலைவரைப் பார்த்து.

தலைவர் தாடையைச் சொறிந்தார். "இத்துனூண்டு நத்தைக்கு இம்புட்டுப் பேச்சா?"

"அதுக்குப் பேச வராதுங்களே. அதான் நான் வந்தேன்."

அவரும் சிரித்துவிட்டார்.

அன்று நான் கையாண்ட முறை சரியானது என்றே இன்றும் வாதிடுவேன். அவர்களுடைய வலியை முதலில் சொல்லாதிருந்தால், என் கேள்விக்கு அந்தப் பெண் மனம்திறந்து பதில் சொல்லியிருக்கமாட்டாள்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஊற்றுக்கு நடந்தோம். துவைகல்லுக்குச் சற்று மேலே தலைவர் குறுக்காக ஒரு கயிற்றைக் கட்டச் சொன்னார். "கொத்தனாரே, கலவை இதத் தாண்டக் கூடாது." தோழி கயிற்றுக்கு அப்பால் குனிந்து, நீருக்கடியிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.