கட்டையோடு பின்னால் நடப்பவன்

உங்கள் கார் நடுரோட்டில் படுத்துவிட்டால் நீங்கள் காரைத் திட்ட மாட்டீர்கள். அதை இழுத்துப் போக வருகிற எங்களைத்தான் திட்டுவீர்கள். திட்டுங்கள், பழகிவிட்டது. என் கோபமெல்லாம் எங்கள் முதலாளிமேல்தான். உங்களுக்கும் இப்படி ஒருவர் வாய்த்திருப்பார்.

நூற்றைம்பது குதிரை

முதலாளி மதுரைக்காரர். கொல்கத்தாவுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. நன்றாக இழுத்துக்கொண்டிருந்த டீசல் பிக்கப்பை விற்றுவிட்டு, குதிரைத்திறன் அதிகம் என்று ஒரு பெட்ரோல் பிக்கப்பை வாங்கி வந்து மாலை போட்டார். குதிரைத்திறன் வேகத்துக்கு, நின்ற பாரத்தை நகர்த்த டார்க் என்கிற முறுக்குவிசை வேண்டும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே அதைக் கொடுத்துவிடும், இது அலறினால்தான் கொடுக்கும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

“ஏம்ப்பா, நூத்தம்பது குதிரை பத்தாதா? காரை இழுக்க யானையா வேணும்?”

கரியாஹாட் மேம்பாலம்

ஏற்றத்தில் ஒரு பெரிய கார். எங்கள் டிரைவர் பிஸ்வாஸ்தா எஞ்சினை அலறவிட்டு, கிளச்சை அரைகுறையாக விட்டுப் பார்த்தார். கிளச் கருகிய நாற்றம்தான் வந்தது. முன்னே ஓரடி, பின்னே ஓரடி. பின்னால் மினிபஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. காருக்குள் இருந்த அம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

“நீங்க என் வண்டியை இழுக்கறீங்களா, என் வண்டி உங்களை இழுக்குதா?”

கிடர்பூர் பாலம்

இரும்புச் சாமான் ஏற்றிய சின்ன லாரி. “இந்த வண்டி தாங்காது” என்று போனில் சொன்னேன். முதலாளி, “போ” என்றார். ஏற்றத்தில் இழுக்கும்போது ஒருவன் கட்டையோடு பின்னால் நடக்க வேண்டும். வண்டி உருண்டால் சக்கரத்துக்கு அடியில் போட. அந்த ஒருவன் நான்.

பாதி ஏற்றத்தில் கிளச் போயிற்று, பிரேக்கும் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. இரண்டு வண்டியும் சேர்ந்து என்மேல் உருண்டு வந்தன. கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு ஓரமாக விழுந்தேன். லாரி கட்டையில் தட்டி நின்றது, பிக்கப் அதன்மேல் இடித்து நின்றது. முழங்கை கிழிந்து ரத்தம். ஒரு நொடி தாமதித்திருந்தால் என் மனைவி விதவை. அடித்துப்பிடித்து வந்த முதலாளி என்னைத் தாண்டிப் போய் பிக்கப்பைத் தடவினார்.

“பம்பர்ல கோடு விழுந்திருக்கே, பாத்தியா?”

அதே பாலம்

புதுக் கிளச் போட்டு மறுவாரம் அதே பாலத்தில் நின்றுபோன ஒரு கார். அன்று முதலாளியும் கூட வந்தார். கட்டையை அவர் கையில் திணித்தேன். “இன்னிக்கு நீங்க நடங்க. இல்லேன்னா வண்டி நகராது” என்றேன். பிஸ்வாஸ்தா சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

முதலாளி நடந்தார். கார் ஒரே ஒரு சாண் பின்னால் வந்தது. கட்டையைப் போட்டுவிட்டுப் பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பழைய டீசல் வண்டியை யாருக்குப்பா வித்தோம்?”

குதிரைத்திறனை விளம்பரத்தாளில் படித்துக்கொள்ளலாம், டார்க் இன்னதென்று தெரிய வண்டிக்குப் பின்னால் கட்டையோடு நடந்தாக வேண்டும்.