தறிக்கு எத்தனை ஆள்?

அறுபதுகளின் கடைசி. புள்ளிவிவர அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. நாட்டின் உற்பத்தி கூடியிருக்கிறது. அதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, ஆட்களின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகள் என் தலையில் விழுந்தன.

"தறிக்கு எத்தனை ஆள்?" என்று கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பதில்: "ஒருத்தர்தாம்மா." நானும் ஒன்று என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினேன். ஆள் கூடவில்லை, புடவை கூடியிருக்கிறது. ஆகவே பூவேலையைத் தானே எடுத்துக் கொடுக்க, தறியின் மேல் புதிதாக மாட்டிய ஜக்கார்டு பெட்டிதான் காரணம் என்று கணக்கை முடித்தேன். அதிகாரிக்குப் பரம திருப்தி.

விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காக ஒரு வீட்டுக்குத் திரும்பப் போனேன். அன்று அமாவாசை, தறியில் கை வைக்க மாட்டார்கள். நெசவாளர் விபூதியும் வெற்றிலையுமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மட்டும் ராட்டையில், நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு லீவு இல்லியாக்கா?"

"லீவு தறிக்குத்தாம்மா. பெட்டி வந்ததிலேர்ந்து வேகமா ஓடிக்கினு இருக்குது, நூலு பத்தல. முன்ன வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குப் போய்க்கினு இருந்தேன். அத்த விட்டுட்டு இப்ப நாள் பூரா இதான்."

எனக்குச் சுரீரென்றது. தறியில் உட்காருகிறவர்தான் ஆள் என்பது அவர்கள் வழக்கம். கணக்குப் படித்த நானும் அதை அப்படியே எழுதியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

எல்லா வீடுகளுக்கும் மறுபடி நடந்தேன். நூல் சுற்றும் நேரத்தைக் கேட்டுக் கேட்டு எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது பெட்டியின் பெருமை பெரும்பாலும் கரைந்துவிட்டது.

அதிகாரி படிவங்களைத் தள்ளிவிட்டார். "வீட்டு வேலையெல்லாம் சேப்பீங்களா? அப்ப உங்கம்மா கட்டிக் குடுக்கற சோத்தையும் சேத்துடுங்க. பழைய கணக்கையே குடுங்கம்மா. யாரை நிரந்தரமாக்கறதுங்கற பட்டியல் என் மேஜையிலதான் இருக்குது."

என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. பயமாகத்தான் இருந்தது. "இதைத்தான் சார் குடுப்பேன்" என்றேன்.

வேறு வழியில்லாமல் அவர் அதை மேலே அனுப்பினார், கூடவே என் மேல் ஒரு புகாரும். அந்த ஆண்டுப் பட்டியலில் நான் இல்லை. ஆனால் கணக்கு நான் கொடுத்தபடியே அச்சானது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், தறிக்கு ஆள் இரண்டு என்று இருந்த வரியைக் காட்டினேன்.

"இதுல நான் எதும்மா?"

"ரெண்டாவது ஆள் நீங்கதான்க்கா."

அவர் ராட்டையை நிறுத்தவில்லை. "ரெண்டாவதா? நான் சுத்திக் குடுக்காம அவரு என்னத்த நெய்வாரு?"