அவகாசி யார்?

நான் பொய் சொன்னேன். அழுத முகத்தோடு அல்ல... சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அந்தச் சிரிப்பாலேயே ஒருத்தியை என் வாசலிலிருந்து துரத்தினேன்.

வலியசாலையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் என் இன்ஷூரன்ஸ் கதையைச் சொல்வார்கள். நீங்கள் கேட்டிருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். இன்று அதன் மிச்சத்தையும் கேளுங்கள்.

ராஜம் எனக்கு எதிர்வீடு. அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு தையல் மிஷின் உண்டு. எனக்கும் புருஷன் இல்லை; மகன் உண்டு, மஸ்கட்டில். ஆக, இரண்டு வீட்டிலும் ஆள் கணக்கு ஒன்றுதான்!

தினமும் காலையில் அவள் தெருவைத் தாண்டி வந்து என் ஜன்னல் கம்பியில் கத்தரிக்கோலால் தட்டுவாள்.

“ஏட்டி பேச்சி, இருக்கியா, போயிட்டியா?”

“ஒன்ன அனுப்பாம நான் எங்கட்டி போவேன்? காப்பி குடிச்சிட்டுப் போ!”

ஒருநாள் ஏஜெண்டு பிந்து வந்தாள். மலையாளத்துப் பெண். சாவுச் செலவுக்கென்றே ஒரு சின்ன பாலிசி. நாம் போனால் வண்டியும் மயானமும் பதினாறாம் நாள் சாப்பாடும் யார் தலையிலும் விழாது. ராஜமும் நானும் ஒன்றாகச் சேர்ந்தோம். கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்களுக்குக்கூட அவ்வளவு குஷி இருக்காது!

“எனக்கு அடைப்பிரதமன் வச்சிரு. வெறும் பால்பாயசம்னா எந்திச்சு வந்துருவேன்,” என்றாள் ராஜம்.

பிந்து பேனாவைத் திறந்தாள். “அம்மச்சீ, அவகாசி ஆரா?”

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை; அவகாசி என்றால் உரிமைக்காரர். நாம் போன பிறகு பணம் யார் கைக்கு என்று கேட்கிறாள். இந்த மலையாள ஊரிலேயே பிறந்து நரைத்தவளுக்கு அது புரியாதா? நன்றாகப் புரிந்தது! ராஜத்தின் தோளில் கையைப் போட்டு, “இவதான்,” என்றேன். அவளுடைய பாலிசியில் என் பெயர். என்ன உறவு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது.

“எதிர்வீடுன்னு எழுது மோளே,” என்றாள் ராஜம். பிந்து சிரித்துக்கொண்டே எழுதினாள்.

பிறகு என் மகன் குடும்பத்தோடு லீவில் வந்தான். ரேஷன் கார்டைத் தேடப்போய் அந்தப் பாலிசித் தாளை எடுத்துவிட்டான். கூடத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வாசலில் ராஜம், என் பேத்திக்குத் தைத்த பாவாடையோடு நிற்கிறாள்.

“நான் என்ன செத்தா போயிட்டேன்? எதிர்வீட்டுக்காரி பேரு எதுக்கும்மா?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘நீ மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருகிறாய். இவள் தினமும் வந்து தட்டுகிறாள்.’ சொன்னேனா? மகனின் முகம் சுருங்கியதும் என் நாக்கு சர்க்கஸ் காட்டியது.

“அந்தப் புள்ள ‘அவகாசி ஆரா’ன்னு கேட்டால்லா... நான் மூணாங்கிளாஸு! யாருக்கு அவகாசம் இருக்குன்னு கேக்கான்னு நெனச்சேன். ஒனக்கு ஏதுலே நேரம்? அதான் வேலவெட்டி இல்லாத இவ பேரச் சொல்லிட்டேன்!”

வீடே குலுங்கியது. மகன் சிரித்தான். மருமகள் சிரித்தாள். ராஜமும் சிரித்தாள்... எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தாள். அன்றைக்கு என் கை யார் தோளில் இருந்தது என்று அவளுக்குத் தெரியாதா? பாவாடையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் பாலிசியில் மகன் பெயரைப் போட்டேன். அவன் மஸ்கட்டுக்குப் போனான். ஜன்னல் கம்பியை யாரும் தட்டவில்லை.

எங்கள் தெரு எட்டெடுத்து வைத்தால் முடிந்துவிடும்! தாண்டிப் போய், “தப்புதாண்டி ராஜம்,” என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எனக்கு இரண்டு வருஷம் போதவில்லை. அந்தக் கதையை மட்டும் கல்யாண வீடு, கோயில் நடை என்று போகிற இடமெல்லாம் சொன்னேன். ஏன் சொன்னேன்? திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்றா?

போன மாதம் ராஜம் போய்விட்டாள். பால்காரர் தட்டித் தட்டிப் பார்த்துத்தான் ஆளைக் கூட்டினார். முந்தின நாளே போயிருக்கிறாள்... எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியவில்லை!

நாகர்கோவிலிலிருந்து தம்பி மகன் வந்தான். எரித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறினான். பதினாறாம் நாள் என்று ஒன்று நடக்கவில்லை. பிரதமனும் இல்லை.

இன்று பிந்து ஒரு இன்ஷூரன்ஸ் பாரத்தோடு வந்தாள்.

“அம்மச்சி பேரு மாத்தியல்லோ... ராஜம்மச்சி மாத்தியில்லா. அம்மச்சி தன்னே அவகாசி. இவிடெ ஒப்பு போடணும்.”

நான் பெயரை மாற்றிவிட்டேன்; ராஜம் மாற்றவே இல்லை. ஒப்பு என்றால் கையெழுத்து. அதற்கு மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது: இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? பிந்து பழைய தாளையும் காட்டினாள். எதிர்வீடு.

பேனாவைக் கீழே வைத்தேன். “எனக்கு வேண்டாம் மோளே...”

“அதெந்தா? அம்மச்சிக்கு அவகாசம் உண்டு!” என்றாள்.

இந்த முறை நிஜமாகவே அதைத் தமிழில் கேட்க ஆசைப்பட்டேன். நேரம் உண்டு... காலை முழுக்க உண்டு, மாலை முழுக்க உண்டு. மகன் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான். பிந்துவின் பாஷையில் அவள் என்ன சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் என்னிடம் இல்லை.

பிந்து பாரத்தை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன எழுதட்டும்? நீங்களாக இருந்தால் என்ன எழுதுவீர்கள்?

பாரம் அப்படியே இருக்கிறது.