பிளஸ் ஒன்றும் மைனஸ் பதினைந்தும்

கண்ணாடிக் கடைக்காரனிடம் எல்லோரும் தங்கள் கண்ணைப் பற்றித்தான் பேசுவார்கள். அவன் கண் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. மூக்கில் கண்ணாடித் தழும்போடு இதைப் படிக்கிற நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. திருப்பதியில் இருபது வருஷம் கடை நடத்திய நானே கேட்டுக்கொண்டதில்லை.

மறந்து வைத்த புத்தகம்

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு ஐம்பது வயது. கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் உடைந்த கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த புத்தகத்தை மேஜையிலேயே விட்டுப் போய்விட்டார். விஞ்ஞானம் வளர்ந்த கதையைச் சொல்லும் புத்தகம். கலிலியோ வந்த பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. ஹாலந்தில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கண்ணாடிகளைக் குழாயில் பொருத்தியதைக் கேள்விப்பட்டு, தாமே கண்ணாடி தேய்த்துக் குழாய் செய்து, வியாழனை நான்கு நிலாக்கள் சுற்றுவதைக் கண்டவராம்.

என் மேஜையில் மேல் இழுப்பறையில் கிட்டத்தில் படிப்பதற்கான பிளஸ் கண்ணாடிகள், கீழ் இழுப்பறையில் தூரத்தைப் பார்ப்பதற்கான மைனஸ் கண்ணாடிகள். ஒன்றின் முன்னால் ஒன்றைப் பிடித்துப் பார்க்க இருபது வருஷத்தில் ஒரு நாளும் தோன்றவில்லை. என்ன மனிதன் நான்? விரிவுரையாளர் திரும்பி வந்ததும், "முதல்ல செஞ்சது எங்க தொழில்காரர்தான் போல இருக்கே சார்" என்றேன், கொஞ்சம் பெருமையாக. கண்ணாடியை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "செஞ்சாருதான். மேல திருப்பிப் பாத்தவரு வேற ஆளு."

இருப்பது ஒன்று

அந்த மாதமே எனக்கு எழுத்து மங்கியது. இடது கண் சின்ன வயதில் அம்மையில் போனது. இருப்பது வலது ஒன்றுதான். சித்தூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டுப் புரை என்றார், அடுத்த மாதம் எடுத்துவிட வேண்டும் என்றார். கலிலியோவுக்கும் கடைசி வருஷங்களில் பார்வை இல்லை என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் அவர் பார்த்து முடித்த பிறகல்லவா இழந்தார்? நான் எதைப் பார்த்தேன்?

"பார்வை நிச்சயமா திரும்புமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "பாக்க வேண்டியது ஏதாவது இருந்தா பாத்துட்டு வந்துடுங்க."

ஜவுளிக்காரரின் கவலை

கலிலியோ பார்த்ததை நானும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். குழாய்க்கு நகரி ஊர் ஜவுளி வியாபாரி ஒருவரைப் பிடித்தேன். துணியில் இழை எண்ணும் சின்னப் பூதக்கண்ணாடியைச் சரிசெய்ய என்னிடம் வருகிறவர். துணி சுற்றி வரும் அட்டைக் குழாயில், ஒரு கெஜத்துக்குச் சற்றே நீளமானதைக் கொண்டுவந்து தந்தார். பதிலுக்கு லீவென்ஹூக் கதையைச் சொன்னேன். அவரும் ஹாலந்தில் துணி வியாபாரி. தானே செய்த கடுகளவு கண்ணாடியில் ஏரித் தண்ணீரை வைத்துப் பார்த்து, அதற்குள் உயிர்கள் நீந்துவதைக் கண்டு சொன்னவர். சொல்லும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. வியாபாரி தன் பூதக்கண்ணாடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவரு தண்ணியப் பாத்துக்கினு இருந்தா, கடைய யாரு பாத்துக்கினாங்க?"

ஜரகண்டி

பிளஸ் ஒன்று முன்னால். யாரோ வாங்காமல் விட்ட மைனஸ் பதினைந்து கண் பக்கம். முன் கண்ணாடியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி, உருவம் தெளிவாக விழ நடுவில் எட்டணாக் காசு அளவு ஓட்டை விட்டேன். என் கடையில் பிரேம் மாட்டும் யேசுபாதம் குழாயை மாடிச் சுவரில் கயிற்றால் கட்டினான். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருந்தது. கடைத்தெருவில் விளக்கு ஏற்றுகிற நேரம். கிழக்கே வியாழன்.

"பக்கத்துல மூணு புள்ளி கீது அண்ணா, ஒரே கோட்டுல" என்றான். நான் குனிந்தேன். புரைக்குள்ளே ஒரு மஞ்சள் வட்டம். அதன் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி. எனக்கு அது போதும். எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ ஒரு மனிதர் கண்டது என் ஒற்றைக் கண்ணுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

மூச்சு விடுவதற்குள் வியாழன் நகர்ந்து குழாயின் ஓரத்தில் மறைந்தது. யேசுபாதம் குழாயைத் திருப்பினான், மறுபடி மறைந்தது. "ஓடிக்கினே கீதே" என்றான். "அது ஓடலைடா, நம்ம பூமி சுத்துது. கோபர்னிகஸ்னு ஒருத்தர் எப்பவோ சொல்லிட்டுப் போனாரு" என்றேன். யேசுபாதம் சித்தூர்க் கிறிஸ்தவன்; மலைக்குப் போனதில்லை. ஆனால் சந்நிதியில் ஒரு நொடி நிற்பதற்குள் 'ஜரகண்டி, ஜரகண்டி' என்று தெலுங்கில் நகரச் சொல்லித் தள்ளிவிட்டார்கள் என, மொட்டைத் தலையோடு வரும் வாடிக்கையாளர்கள் தினமும் அவனிடம்தான் சொல்லி ஆறுவார்கள். மலைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு அவன் நிதானமாகச் சொன்னான்: "அப்ப சாமி அங்கியேதான் கீது அண்ணா. நம்மளத்தான் ஜரகண்டின்னு தள்ளிக்கினு கீறாங்க."

கண் பிழைத்தது; சோடா பாட்டில் அடியைப் போன்ற கண்ணாடியோடு இன்றும் நான்தான் கடை திறக்கிறேன், ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் நான் மாடிக் குழாயிடம் போய்விடுவேன், கடையைப் பார்த்துக்கொள்வது யேசுபாதம்.