ஒரு தட்டு என்றால் சரி

பாட்டி முப்பது வருஷம் பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். பதறியடித்துக் கூப்பிடுகிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டால் கொஞ்சம் நிதானத்துக்கு வருவார்கள். தாயில்லாத பேத்தியை வளர்த்ததும் அந்தக் குரல்தான். கொஞ்சலும் அதட்டலும் ஒரே மூச்சில் வரும்.

தொண்டையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனில் அந்தக் குரல் போயிற்று. வெளியூரில் வேலை பார்த்த பேத்தி தினமும் கூப்பிடுவாள். பாட்டி போனை நகத்தால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு என்றால் இல்லை.

"சாப்டியா பாட்டி?"

ஒரு தட்டு.

"பொய்தானே?" என்றால் தடதடவென்று திட்டு விழும். பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமில்லாமல் பாட்டியே கூப்பிட்டாள். பேத்தி மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, "முக்கியமா பாட்டி? அப்புறம் கூப்பிடட்டுமா?" என்று அவசரமாகக் கேட்டாள். ஒரு தட்டு கேட்டது. சரி, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பாட்டி போய்விட்டாள்.

"அம்மா கஷ்டப்படாமதான் போனாங்க" என்று பாட்டியோடு இருந்த மாமா தேற்றினார். இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டுத் தொலைத்தோமே, முக்கியம் என்றுதான் தட்டினாளோ என்று பேத்தி தனக்குள் மருகினாள். மாமாவிடம் அதை இன்றுவரை அவள் சொல்லவில்லை.