ஜப்பான் எஞ்சினும் முகம்மது ரிபாயும்

முகம்மது ரிபாயைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. நியாயப்படி அவன்தான் என்னைப் பற்றி எழுத வேண்டும். ஆனால் அவன் எழுதமாட்டான். ஒருத்தரைக் குறை சொல்லிப் பழகாத பிறவி. அதனால் நானே எழுதித் தொலைக்கிறேன். நான் ஜான் பீட்டர், குளச்சல்காரன், எஞ்சின் மெக்கானிக்.

ரிபாய் காயல்பட்டினத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் அல் ஐனில் அவன் மாமா நடத்திய மளிகைக் கடைக்கு வேலைக்கு வந்தான். கடைக்குள் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்று இரண்டு வருஷத்தில் அங்கிருந்து கழன்றுகொண்டான். கனரக லைசென்சுக்கு ஆறு தடவை தோற்று ஏழாவது தடவை ஜெயித்தான். அதன்பிறகு ராஸ் அல் கைமாவில், குவாரியிலிருந்து சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரியில் ஐந்து வருஷம் தூசி தின்றான். ஒரு விபத்து இல்லை, ஒரு அபராதம் இல்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பட்டம் என்ன வேண்டும்?

2006இல் ராஸ் அல் கைமாவில் அந்தப் பனிக் கூடத்தைத் திறந்தார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே மைனஸ் இரண்டு டிகிரியில், மெஷினில் செய்த பனியைக் கொட்டி ஒரு சரிவு கட்டியிருந்தார்கள். காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு சறுக்குவதற்குப் பணக்காரக் கூட்டம் வரும். நான் அஜ்மானில் படகு எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவன், மெக்கானிக்காக அங்கே சேர்ந்தேன். ரிபாய் டிரைவராக வந்தான். ஒரே ரூம், ஒரே சமையல். அவன் என்னை அண்ணே என்பான், நான் அவனை மக்கா என்பேன்.

பனி மேல் ஓடுகிற வண்டி ஒன்று அங்கே இருந்தது. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் டாங்கி மாதிரி ரப்பர் பட்டை, உட்கார மோட்டார் சைக்கிள் சீட்டு. யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால், பின்னால் ஒரு படுக்கையைக் கோத்துக்கொண்டு மேலே போய் அவரைக் கொண்டுவர வேண்டும். அதுதான் ரிபாயின் டியூட்டி. இரண்டு குல்லா, அதன் மேல் மப்ளர், மூக்கு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருப்பான். எத்தனை மணி நேரம் ஓடியது, சத்தம் எப்படி இருந்தது என்று ஒரு பாக்கெட் டயரியில் தினமும் எழுதுவான். "ஏம்டே, வண்டிக்கு ஜாதகமா எழுதுக?" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பானே தவிர எழுதுவதை விடமாட்டான்.

அவன் மனசில் இருந்தது ஒரே ஒரு ஆசை. மனைவி ஹாலிதாவையும் மகள் ஆமிராவையும் கொண்டுவர வேண்டும். டிரைவர் விசாவில் குடும்பத்தைக் கூப்பிட முடியாது, சூப்பர்வைசர் ஆனால் முடியும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் பெண்டாட்டியோடு அவன் இருந்தது இரண்டு லீவு மட்டும். பிள்ளையைப் பார்த்தது நாற்பது நாள். மானேஜர் சேதுராமன், "அடுத்த வருஷம் உன்னை சூப்பர்வைசராப் போடறேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். லெட்டர்கூட டைப் ஆகிவிட்டது என்று ஆபீசில் சொன்னார்கள். பயல் அல் நகீலில் ஒற்றை அறை பிளாட் ஒன்றைப் பார்த்து, ஜன்னலை அளந்து, திரைச்சீலை வரை வாங்கி ரூமில் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான்.

அந்த நேரத்தில்தான் பழைய வண்டி படுத்தது. பெயர் வாயில் நுழையாத ஏதோ ஐரோப்பியக் கம்பெனி, பாகம் கிடைக்கவில்லை. சேதுராமன் என்னைக் கூப்பிட்டார்.

"பீட்டர், புது வண்டி ஒண்ணு வாங்கணும். எந்தக் கம்பெனியை நம்பலாம்னு நீங்க சொல்லுங்க. எஞ்சின் விஷயத்துல உங்க வார்த்தைதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் பெண் எடுப்பதற்குக்கூட அவ்வளவு விசாரிக்கமாட்டார்கள், வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குவதற்கு விசாரிப்பார்கள். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆள் கரை சேரமாட்டான். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கம்பெனி உண்டு. அப்பன் வாங்கிய கம்பெனியைத்தான் மகனும் வாங்குவான். எங்கள் வீட்டுக்கு ஒரு ஜப்பான் கம்பெனி. அந்தப் பெயரைச் சொன்னால் என் அப்பச்சன் சிலுவை போட்டுக்கொள்வார். அதே கம்பெனி பனி வண்டியும் செய்கிறது என்று தெரிந்ததும், என் மனசில் பாதி முடிவு ஆகிவிட்டது.

இருந்தாலும் சும்மா சொல்லக்கூடாது, ஒரு மாதம் உழைத்தேன். கனடா, அமெரிக்கா, ஜப்பான் மூன்று கம்பெனிகளின் புத்தகங்களையும் வரவழைத்தேன். எந்த எஞ்சின் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கியது, எது குளிரில் முதல் இழுப்பிலேயே ஸ்டார்ட் ஆகிறது, பாகம் துபாயில் கிடைக்குமா என்று இண்டர்நெட்டில் எவன் எவனோ எழுதியதையெல்லாம் தோண்டினேன். ஜப்பான்தான் முதலில் வந்தது. அதிலும் மலை ஏறுகிற மாடல், அந்தக் கம்பெனியிலேயே பெரியது. அதே கம்பெனியில் எஞ்சினைக் குளிர வைக்கக் காற்றாடி வைத்த சின்ன மாடல் ஒன்றையும் ஏஜெண்ட் காட்டினான். "இது கிழவன் ஓட்டுக வண்டி" என்று தள்ளிவிட்டேன்.

ரூமில் கட்டிலில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ரிபாய் ஒரு படத்தில் விரலை வைத்தான்.

"அண்ணே, இந்தப் படத்துல பனி இடுப்பு மட்டும் கிடக்கு. பஞ்சு மாதிரி பறக்குது. நம்மகிட்ட கிடக்குறது சிமெண்ட் தரை மாதிரி கெட்டியால்ல இருக்கு? பழைய வண்டியில காத்தாடி இருந்துச்சு. இதுல காத்தாடியே இல்லையே, சூடு எப்படிண்ணே போகும்?"

"தண்ணி சுத்தும்டே. எங்க அப்பன் காலத்துல இருந்து பாத்துட்டு வாற எஞ்சினு. நீ கல்லு லாரி ஓட்டினவன், சும்மா கெட."

அவன் சும்மா இருந்துவிட்டான். அன்றைக்கு அவன் கேட்டதுதான் மொத்த விஷயமும். அந்த மலை வண்டியில் எஞ்சின் தண்ணீர் வண்டிக்கடியில் இருக்கிற அலுமினியத் தகடுகளில் ஓடும். ரப்பர் பட்டை கிளப்புகிற உதிரிப் பனி அந்தத் தகட்டில் விழுந்துதான் தண்ணீர் குளிர வேண்டும். எங்கள் சரிவில் உதிரிப் பனி ஏது? தினமும் இடித்து இறுக்கி, கண்ணாடி மாதிரி வைத்திருப்போம். கடலில் எஞ்சின் எங்கே ஓடினாலும் அதைக் குளிர வைக்க அடியில் தண்ணீர் உண்டு, அந்தக் கவலையே எனக்குப் பழக்கமில்லை. கம்பெனியை நம்பலாமா என்று ஒரு மாதம் பார்த்த நான், நம் இடத்துக்கு அது ஆகுமா என்று ஒரு நாள் பார்க்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வண்டி வந்தது. நீலக் கலர், பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இரண்டாம் வாரமே ரிபாய் வந்து சொன்னான், மூன்று தடவை ஏறினால் சூடு லைட் எரிகிறது என்று. நான் பார்த்தேன், பம்ப் சரி, தண்ணீர் சரி. "புது எஞ்சின்லா, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவன் தானாக ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு தடவை ஏறி இறங்கியதும் வண்டியை நிறுத்தி, மண்வெட்டியால் பனியைக் கொத்தி எடுத்து அடியில் தள்ளுவான். நான் எல்லோருக்கும் முன்னால், "வண்டிக்கு ஐஸ்கிரீம் ஊட்டுகான் பாருங்க" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

2007 செப்டம்பரில் என் மனைவி எலிசாவும் பிள்ளைகள் பெபினும் சுபிஷாவும் வந்து சேர்ந்தார்கள். நான் ரூமைக் காலி செய்து ஒரு பிளாட்டுக்குப் போனேன். சாமான் சுமந்தது ரிபாய். பிள்ளைகளை ஸ்கூலில் சேர்த்து ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கூட்டம் நெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக ஆள் விழுந்தார்கள். நாலாவதாக, மேலே ஒரு பையன் கால் புரண்டு கிடந்தான். ரிபாய் வாக்கிடாக்கியில் கூப்பிட்டான்.

"அண்ணே, லைட் எரியுது. அஞ்சு நிமிஷம் நிறுத்தி பனி அள்ளிப் போட்டுட்டுப் போகட்டா?"

பையனின் தகப்பன் என் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்தாதடே! ஜப்பான் எஞ்சினாக்கும், ஒண்ணும் ஆவாது. ஏத்து!"

பாதிச் சரிவில் எஞ்சின் இறுகி நின்றது. வண்டியும் காலிப் படுக்கையும் பின்னால் வழுக்கிவந்து கீழே கட்டியிருந்த தடுப்பு வலையில் மோதின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ரிபாய் நடந்தே மேலே போய் அந்தப் பையனை முதுகில் சுமந்து இறக்கினான்.

ஏஜெண்டின் ஆள் வந்து எஞ்சினைப் பிரித்தான். எச்சரிக்கை லைட் எரிந்த பிறகும் ஓட்டியிருக்கிறார்கள், வாரண்டி கிடையாது என்று எழுதிவிட்டான். முதலாளி கொதித்தார். யார் தப்பு என்று ஒரு பெயர் அவருக்கு வேண்டும். சேதுராமன் என்னை அறிக்கை எழுதச் சொன்னார்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். இந்த வண்டி இந்த இடத்துக்கு ஆகாதது, தேர்வு செய்தது நான், நிறுத்தாதே என்று சொன்னதும் நான் என்று எழுத வேண்டும். எழுதினால் அடுத்த வாரம் என் விசா கேன்சல். எலிசா உள்ளே சுபிஷாவின் யூனிபாரத்தை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க, யாரு தப்புன்னு எழுதப் போறிய?" என்று கேட்டாள்.

"நடந்தத எழுதப் போறேன்."

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் வராம எழுதுங்க. நம்ம கட்டில சொமந்துட்டு மூணு மாடி ஏறினவன்."

நான் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். எச்சரிக்கை லைட் எரிந்தும் டிரைவர் வண்டியை நிறுத்தவில்லை. மெக்கானிக்குக்குத் தகவல் தரவில்லை.

மறுநாள் ஆபீசில், சேதுராமன் அதை ரிபாய் பக்கம் தள்ளி, "படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுப்பா" என்றார். ரிபாய் ரொம்ப நேரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தான். நான் ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

அவ்வளவுதான். கலாஸ். விசா கேன்சல், ஒரு வருஷம் திரும்ப வர முடியாதபடி தடை. சூப்பர்வைசர் லெட்டரைக் கிழித்துப் போட்டார்கள். துபாய் ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஒன்றரை மணி நேரம். காயல்பட்டினத்து மழையிலிருந்து என் காரின் டயர் வரை எல்லாம் பேசினேன், வாய் மூடவில்லை. மூடினால் வேறு ஏதாவது வெளியே வந்துவிடும் என்று பயம். அவன் "ஆமாண்ணே, ஆமாண்ணே" என்று கேட்டுக்கொண்டே வந்தான். திரைச்சீலைப் பொட்டலத்தை எலிசாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். எங்கள் ஜன்னலுக்கு அது சரியாக வரவில்லை, நீளம் குறைவு.

அப்புறம் அந்தக் காற்றாடி மாடலையே வாங்கினோம். கிழவன் வண்டி என்று நான் தள்ளியது. இரண்டு வருஷம் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. சேதுராமன், "நல்ல செலக்ஷன் பீட்டர்" என்று என் தோளில் தட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

2009இல் எல்லா இடத்திலும் வேலை போனபோது பனிக் கூடத்தையும் பூட்டினார்கள். எங்களுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டாயிற்று. காப்பாற்ற இனி வேலை இல்லை என்று ஆன பிறகுதான் எனக்கு நாக்கு முளைத்தது. சீச்சீ, அதைத் தைரியம் என்று சொல்லவே கூசுகிறது. ஒரு மத்தியானம் ரிபாய்க்கு போன் போட்டேன். தூத்துக்குடியில் ஒரு கம்பெனிக்கு லாரி ஓட்டுவதாகச் சொன்னான். அதற்கப்புறம் விசா ஒன்றும் அமையவில்லை, இரண்டு இடத்தில் பழைய கம்பெனி ரிப்போர்ட்டைக் கேட்டார்களாம்.

"மக்கா, ஒரு காரியம் சொல்லணும். அந்த அறிக்கையில நான் உன் தலையில போட்டு எழுதினேன்டே. நான்தான் நிறுத்தாதன்னு சொன்னேன். அத எழுதல்ல."

அவனுக்குப் பின்னால் லாரிகள் போகிற இரைச்சல் கேட்டது.

"தெரியும்ணே. படிச்சுட்டுத்தான கையெழுத்துப் போட்டேன்."

"பின்ன ஏம்டே போட்ட?"

"மானேஜர் முன்னால வச்சு உங்களப் பொய்யருன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்களே சொல்லிருவியன்னு நெனச்சேன். ஆபீஸ்ல சொல்லல. சரி, கார்ல சொல்லுவியன்னு பாத்தேன். ஏர்போர்ட்டுல உள்ள போற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேண்ணே."

நான் அழுதேன். மன்னித்துவிடு என்று எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. நான் முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"அல்லாவுக்காக மன்னிச்சுட்டேன். ஹாலிதாவுக்கு இது தெரியாது. உங்க வீட்டுப் பிள்ளைகளுக்காக அவ இன்னும் துஆ செய்றா. அவகிட்ட நான் சொல்லமாட்டேன். ஆனா இனிமே எனக்கு போன் போடாதியண்ணே."

அதன்பிறகு நான் போடவில்லை.