கோவிந்தன் மாஸ்டரின் இடது கை யோகா

எங்கள் ஊரில் கோவிந்தன் என்று கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள். மாஸ்டர் என்று கேட்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதாகியும் அவர் ஒரு வேலையை முழுதாகக் கற்றதில்லை. அவர் கற்றுக்கொடுக்காத வேலையும் இல்லை. சாமை விதைக்கிறவனுக்கு வரப்பில் நின்று விதைக்கச் சொல்லித் தருவார். படவேட்டுத் திருவிழாவில் அவர் மைக் பிடித்தால் அம்மனே காதைப் பொத்திக்கொள்வாள்.

இந்த மகானுக்கு வாய்த்த மனைவி ரஞ்சிதம். இரண்டு வருடம் முன்பு துரட்டிக் கழியால் புளி இழுக்கும்போது கிளை முறிந்து அவள் வலது தோளில் விழுந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாஸ்டர் கேட்டது ஒன்றுதான். "இன்னும் சோறு ஆவலியா?" அதற்குப் பிறகு அந்தக் கை மார்புக்கு மேல் எழவில்லை. துரட்டி பிடிக்கிற பெண்கள் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அரைக்கூலிக்குப் புளி பொறுக்கினாள். "ஒடம்பு வளையல, சோம்பேறி" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார் மாஸ்டர். கூடச் சிரித்த நாங்களும் யோக்கியர்கள் இல்லை.

எங்கள் மலையிலேயே இருக்கும் காவலூருக்குப் புதன்கிழமைதோறும் கண்ணமங்கலத்திலிருந்து சிவசங்கரி வருவார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். யோகா சொல்லித் தருபவர். கூட்டமாக யாரையும் உட்கார வைக்க மாட்டார். ஒவ்வொருவரையும் தனியாக நடக்கவிட்டு, மூச்சு விடச் சொல்லி, வலி எங்கே என்று கேட்டு, அவரவர் உடம்புக்கு ஏற்றதைத் தாளில் குச்சி பொம்மையாக வரைந்து கொடுப்பார். உடம்பு இளக இளகத் தாளும் மாறும். அவரிடம் போன ரஞ்சிதத்தின் முதல் தாளில் இடது கை மட்டும் மேலே போகும். வலது கை தொடையில் சும்மா இருக்கும். "இது உங்களுக்கு மட்டுந்தாங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அதெல்லாம் எங்கள் காதில் ஏறாது. இந்த மலையில் ஒருத்திக்கு டாக்டர் எழுதின மாத்திரையை ஏழு வீடு பிட்டுத் தின்னும். மாஸ்டர் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் வகுப்பே தொடங்கிவிட்டார். நாற்பது பேர் காலையில் உட்கார்ந்து இடது கையைத் தூக்கினோம்.

"வலது கை இன்னாத்துக்குச் சும்மா கெடக்குது?" என்று சின்னக்குழந்தை என்ற பெரியவர் மட்டும் கேட்டார்.

"அது சூரிய நாடி. தூக்குனா சூடு ஏறிடும்" என்றார் மாஸ்டர்.

நம்பினோம். இரண்டாம் வரிசையில் நானும் நான்கு மாதம் தூக்கினேன். வெட்கக்கேடு.

ரஞ்சிதத்தை அவர் அப்புறம் காவலூருக்கு விடவில்லை. "வூட்லயே மாஸ்டரு இருக்கசொல்ல அங்க இன்னா வேல?" என்று முன்வரிசையில் உட்கார வைத்தார். அவளுக்கோ பங்குனிப் புளி அறுப்புக்குள் கை எழ வேண்டும்; இல்லாவிட்டால் மூன்றாவது வருடமும் மரத்தடிதான். ரேஷன் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் புதன்கிழமைகளில் பஸ் ஏறினாள். "இனிமே தாள்ல எழுதாதீங்கம்மா, புடுங்கிக்குவாரு. வாயால சொல்லுங்க, மனசுல வெச்சிக்கறேன்" என்றாளாம் சிவசங்கரியிடம்.

மாசியில் ஒரு நாள், நடக்க முடியாத ஒரு பெண்ணைப் பார்க்க சிவசங்கரி எங்கள் ஊருக்கே வந்தார். மைதானத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, எல்லாருக்குமா வலது தோள்ல அடி?"

மாஸ்டர் சூரிய நாடியை ஆரம்பித்தார். சிவசங்கரி கையைக் காட்டி நிறுத்தினார். "இது ரஞ்சிதத்துக்குத் தோள் எழும்பாம இருந்தப்ப, அவங்களுக்குன்னு எழுதுனதுங்க."

மாஸ்டர் மனைவி பக்கம் திரும்பினார். "ஒன் தோளுக்கு இன்னா ஆச்சு?"

நாற்பது பேர் முன்னால் கேட்டார். இரண்டு வருடம் அவள் ஒரு கையால் ஆக்கிப் போட்டதைத் தின்ற மனிதர். எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது.

"ஒண்ணுமில்ல. நீங்க எண்ணுங்க" என்றாள் ரஞ்சிதம். சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கினாள். அது காதை உரசிக்கொண்டு நேராக மேலே போனது. பின்னால் எங்கள் வலது கைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன.

மாஸ்டர் எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு... ரெண்டு..."